சொத்து வரியை ஏத்துவது யார்? சட்டசபையா, மாநகராட்சியா?

சென்னை,

மயிலாப்பூரில் சொந்த வீடு வச்சிருப்பவர்களும் சரி, தி.நகரில் கடை நடத்துபவர்களும் சரி, அரையாண்டு வரி கட்டும்போது கேட்கிற கேள்வி ஒண்ணுதான். இந்த வரியை ஏத்தினது யாரு? சட்டசபையா, மாநகராட்சியா, டெல்லியா?

மூணு இடத்துக்கும் இதில் பங்கு உண்டு.

சென்னையில் 1998-க்குப் பிறகு பல வருஷம் வரி சீராய்வே நடக்கவில்லை. 2018-ல் அ.தி.மு.க. ஆட்சியில் குடியிருப்புக்கு 50, வணிகக் கட்டிடத்துக்கு 100 சதவீதம் வரை உயர்த்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள்.

பிறகு 15-வது நிதிக்குழு ஒரு நிபந்தனை போட்டது. சொத்து வரிக்கு குறைந்தபட்ச அளவு நிர்ணயிக்கணும், மாநில வளர்ச்சிக்கு ஏற்ப வசூலும் கூடணும். இல்லாவிட்டால் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் கிடையாது. இதைக் காரணம் காட்டித்தான் 2022 ஏப்ரல் 1-ந்தேதி உயர்வு அறிவிப்பு வந்தது. மாநகராட்சி தேர்தல் முடிந்து ஆறே வாரம். முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஓட்டு எப்படி விழுந்திருக்குமோ!

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றுமே பழைய மாநகராட்சி எல்லைக்குள் வருகிறது. இங்கே 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதுக்கு மேல் 150 சதவீதம் உயர்வு. கடைகளுக்கும் 150 சதவீதம். 2011-ல் சேர்க்கப்பட்ட பகுதிகளில் உயர்வு குறைவு. திருவான்மியூரில் 1,000 சதுர அடி வீட்டுக்கு 75 சதவீதம் என்றால், பக்கத்து கொட்டிவாக்கத்தில் 50.

இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பழைய வரி ரூ.2,000 என்று வையுங்கள். வீடு 1,200 சதுர அடி என்றால் புது வரி ரூ.3,500. 1,201 என்றால் ரூ.4,000. ஒரே ஒரு சதுர அடிக்கு அரையாண்டுக்கு 500 ரூபாய்!

சட்டசபையில் காரசார விவாதம் நடந்தது. அ.தி.மு.க. வெளிநடப்பு செய்தது. மனமுவந்து உயர்த்தவில்லை என்று முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் விளக்கம் அளித்தார். ஆனால் உயர்வு வந்தது அரசாணையில், மசோதாவாக இல்லை. எம்.எல்.ஏ.க்கள் பேசலாம், ஓட்டுப் போட்டு மாற்ற வழியில்லை.

நம்ம பேச்சு எடுபடக்கூடிய இடம் மாநகராட்சிதான். மாமன்றத்தில் முதலில் தீர்மானம், பிறகு பொது அறிவிப்பு, ஆட்சேபனை சொல்ல 30 நாள், அதுக்கப்புறம்தான் இறுதி முடிவு. அந்த 30 நாளில் எழுதிக் கொடுக்காமல், பில் வந்த பிறகு டீக்கடையில் புலம்பி என்ன பிரயோஜனம்?

2024 செப்டம்பரில் மாமன்றம் இன்னொரு தீர்மானம் போட்டது. இந்த முறை 6 சதவீதம். இதுக்கும் மூலம் அதே நிதிக்குழு நிபந்தனைதான்.

உயர்வு சதவீதத்தை தனி ஆள் மாற்ற முடியாது. ஆனால் பில்லில் உள்ள சதுர அடி, சொந்த உபயோகமா வாடகையா, குடியிருப்பா கடையா என்பதில் தப்பு இருந்தால் திருத்தம் கேட்டு மனு கொடுக்கலாம். அங்கே சரிவராவிட்டால் வரி மேல்முறையீட்டு தீர்ப்பாயம் இருக்கு. மயிலாப்பூர்க்காரர்கள் போக வேண்டியது தேனாம்பேட்டை மண்டல அலுவலகம். தி.நகரில் பெரும்பகுதிக்கு கோடம்பாக்கம் மண்டலம். அடையாறுக்கு அடையாறு மண்டலமே.