குதிரை துள்ளினால் குற்றம் யாருடையது?

முதுகில் ஆள் ஏறியதும் திமிறுகிற குதிரைக்குக் கிடைப்பது சாட்டையடி. காரணமோ பெரும்பாலும் சேணத்துக்கு அடியிலோ, வாய்க்குள்ளோ, வயிற்றிலோ ஒளிந்திருக்கிறது.

மைசூரிலிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் வந்தால் குண்டலுபேட்டை. இங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வயநாட்டுக்குப் போகிறது. இன்னொன்று பந்திப்பூர் காட்டின் ஊடே உதகைக்கு ஏறுகிறது. கோடை விடுமுறை வந்துவிட்டால் இந்த இரண்டாவது கிளையில் சுற்றுலா வேன்களுக்குக் குறைவிருக்காது. அந்த வேன்களில் இருப்பவர்களுக்கு வழியின் இரு முனைகளிலும் குதிரை காத்திருக்கிறது: வடக்கே மைசூர் அரண்மனைப் பக்கம் டோங்கா வண்டியில் பூட்டியபடி, தெற்கே உதகை ஏரிக்கரையில் சேணம் கட்டியபடி.

டோங்காவில் ஏறி உட்காருவதில் சிரமமில்லை. குதிரையின் முதுகில் ஏறுவதுதான் வேறு கதை. பத்தடி நடந்த குதிரை திடீரென்று தலையைத் தாழ்த்துகிறது. முதுகை வில்லாக வளைக்கிறது. பின்னங்கால்கள் இரண்டையும் காற்றில் வீசி உதைக்கிறது. ஏறியவர் அடுத்த நொடியில் தரையில் கிடக்கிறார். அதிர்ஷ்டம் இருந்தால் சிராய்ப்போடு போகும். இல்லாவிட்டால் கழுத்தெலும்பு.

அடுத்து நடப்பது ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். 'சண்டிக் குதிரை' என்று பெயர் விழுகிறது. கடிவாளத்தை இறுக்குகிறார்கள், சாட்டையை எடுக்கிறார்கள். அதிலும் மசியாவிட்டால் வந்த விலைக்குக் கைமாற்றுகிறார்கள். விலை குறையக் குறையத் தீனியும் குறைகிறது, வேலை மட்டும் கூடுகிறது. துள்ளிய குதிரைக்கு எங்கே வலிக்கிறது என்று இடையில் யாராவது பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

வீரக் கதைகளும் இந்தக் கேள்வியை அதிகம் கேட்பதில்லை. 1714ல் போரில் மாண்ட செஞ்சி தேசிங்குராஜனைப் பற்றிய கதைப்பாடலில், டில்லியில் யாருக்கும் அடங்காத பாராசாரி என்ற குதிரையை அவன் அடக்கிக் காட்டுகிறான். கேட்பவர் மனதில் நிற்பது வீரனின் தொடைவலு. கிரேக்கத்துக் கதை ஒன்று கொஞ்சம் வேறு மாதிரி. ஒருவரையும் ஏறவிடாத பூசிஃபலஸ் என்ற குதிரையைச் சிறுவன் அலெக்சாண்டர் முதலில் கவனித்துப் பார்த்தானாம். அது தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்று கண்டுகொண்டு, முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பிவிட்டுப் பிறகு ஏறினான் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். நடந்ததோ இல்லையோ, வழிமுறை சரியானது. முதலில் காரணம், பிறகுதான் சவாரி.

முதுகில் விழும் புலி

குதிரை வேட்டையாடும் பிராணி அல்ல. வேட்டையாடப்படும் பிராணி. பல லட்சம் ஆண்டுகளாக அதன் முதுகில் எதிர்பாராமல் ஏறியது ஏதோ ஒரு கொடிய விலங்காகத்தான் இருந்திருக்கும். தலையைத் தாழ்த்தி, முதுகைக் குவித்து, பின்னங்காலை வீசினால்தான் உயிர் தப்பும். சேணமும் மனிதனும் வந்தது மிகவும் பிற்பாடு. பழக்கினால் குதிரை அந்தப் பழைய உணர்ச்சியை அடக்கிக்கொள்கிறது. ஆனால் வலியோ பயமோ எல்லை மீறினால் அது மீண்டும் தலைதூக்குகிறது.

பயத்தைப் பழக்கத்தால் வெல்லலாம் என்பதற்கு மைசூரிலேயே சாட்சி இருக்கிறது. தசரா ஊர்வலத்தன்று 21 பீரங்கிக் குண்டுகள் முழங்கும். அந்த ஓசைக்கு யானைகளோடு குதிரைப்படைப் போலீசின் குதிரைகளையும் முன்கூட்டியே பழக்குகிறார்கள். விலங்குகளை நிறுத்திவைத்து, சற்றுத் தள்ளிப் பீரங்கி வெடித்துக் காட்டும் ஒத்திகை தசராவுக்கு முன் நடக்கிறது. ஊர்வலத்தில் நகர மேயர் குதிரையில் வருவதும் மரபு. அதற்காக மேயரும் சவாரி பழகிக்கொள்கிறார். குதிரைக்கும் பயிற்சி, மனிதருக்கும் பயிற்சி.

ஆனால் வலியைப் பயிற்சியால் வெல்ல முடியாது. எனவே துள்ளுகிற குதிரையைப் பழக்குவதற்கு முன் அதைச் சோதிக்க வேண்டும். சோதனைக்கு ஒரு வரிசை உண்டு.

மூன்று கட்டச் சோதனை

முதலில் சேணமே இல்லாமல் நீண்ட கயிற்றில் பிடித்து வட்டமாக ஓடவிட வேண்டும். அப்போதே துள்ளினால் கால், முதுகெலும்பு, வயிறு ஆகியவற்றில் கோளாறு இருக்கலாம். நாள் கணக்கில் லாயத்தில் கட்டிக்கிடந்த திமிராகவும் இருக்கலாம். அடுத்து, சேணத்தை மட்டும் கட்டி ஓடவிட வேண்டும். இப்போதுதான் துள்ளல் தொடங்கினால் சந்தேகம் சேணத்தின் மேலும் வயிற்றுப் பட்டையின் மேலும் விழுகிறது. இரண்டிலும் அமைதியாக ஓடிய குதிரை, ஆள் ஏறியதும் துள்ளினால் அவருடைய எடையால் கிளம்பும் முதுகுவலியா, அவர் உட்காரும் விதமா, கடிவாளத்தை இழுக்கும் விதமா என்று பார்க்க வேண்டும். இதில் முடிவான தீர்ப்பு கிடைத்துவிடாது. எங்கே தேடுவது என்று தெரியும்.

சேணத்தின் குற்றத்தைக் காட்டிக்கொடுப்பது வியர்வை. சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் முதுகைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே சீராக நனைந்திருந்தால் நல்லது. நனைந்த இடத்தின் நடுவே காய்ந்த திட்டு ஒன்று தெரிந்தால், அங்கே சேணம் அளவுக்கு மீறி அழுத்துகிறது என்று அர்த்தமாகலாம். சேணம் படும் இடத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய காயத்தின் கையெழுத்து. முதுகெலும்புக்கு மேலே சேணம் தொடாமல் இடைவெளி இருக்க வேண்டும். சேணத்தின் உள்சட்டம் உடைந்திருந்தால் வெளியே தெரியாது, குதிரைக்கு மட்டும் தெரியும். விரிப்புத் துணியில் ஒட்டிய ஒரு முள் போதும், நல்ல குதிரையைச் சண்டிக் குதிரையாக்க.

ஒரே சேணத்தை நாலு குதிரைக்கு மாற்றி மாற்றிக் கட்டும் வழக்கமும் ஆபத்தானது. ஒருவர் செருப்பு இன்னொருவர் காலுக்குச் சேராது. அதே குதிரைக்குக்கூடக் கோடையில் இளைத்தால் மழைக்காலத்துச் சேணம் பொருந்தாது.

வாய்க்குள் இருக்கும் கத்தி

அடுத்த இடம் வாய். குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. மெல்லும்போது பற்கள் முழுதாக ஒன்றோடொன்று உரசாததால் ஓரங்கள் கூராகி, மேல்பல் கன்னத்தையும் கீழ்ப்பல் நாக்கையும் அறுக்கும். சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சிறிய உபரிப் பல் ஒன்று முளைக்கும். கடிவாள இரும்பு அதில் இடிக்கும்போதெல்லாம் வலி உயிர் போகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கால்நடை மருத்துவர் பற்களைப் பார்த்து அராவிவிட்டால் தீர்கிற பிரச்சினை இது. வாய் வலிக்காக உதைக்கிற குதிரைக்கு இன்னும் கடுமையான கடிவாளம் போடுவது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

மூன்றாவது இடம் வயிறு. குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுவதும் சுரந்துகொண்டே இருக்கும். நாள் முழுவதும் மேயும் பிராணி என்பதால் இயற்கை அப்படி அமைத்திருக்கிறது. காலையிலும் மாலையிலும் இரண்டே வேளை தீனி வைத்து இடையில் பட்டினி போட்டால் இரைப்பையின் மேல்பகுதியில் புண் உண்டாகிறது. பந்தயக் குதிரைகளிடம் இது மிகச் சாதாரணம். வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வருகிற குதிரையிடம் இந்தச் சந்தேகம் வர வேண்டும். சவாரிக்கு முன் ஒரு பிடி உலர்ந்த புல் கொடுப்பது, ஓடும்போது அமிலம் மேலே தெறிப்பதைக் குறைக்கும். மறுபுறம், கொள்ளும் தானியமும் நிறையக் கொடுத்துவிட்டு நாள் கணக்கில் கட்டிவைத்தால் அந்தச் சக்தி எங்காவது வெடிக்கத்தான் செய்யும்.

நான்காவது, காலும் முதுகெலும்பும். பின்னங்காலில் லேசான நொண்டல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சேணம் எப்போதும் ஒரே பக்கமாகச் சரிந்தால் பின்னங்காலைச் சோதிக்க வேண்டும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குதிரைக்கு மார்பு முள்ளெலும்புகள் 18. அவற்றின் மேல் துருத்தி நிற்கும் எலும்புகள் ஒன்றோடொன்று உரச ஆரம்பித்தால் சேணத்தின் கீழேயே வலி. எக்ஸ்ரேயில் உரசல் தெரிந்தும் வலியே இல்லாத குதிரைகளும் உண்டு. அதனால் மருத்துவர் அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பார். துள்ளல் நின்றால் குற்றவாளி பிடிபட்டது.

எட்டு அறிகுறிகள்

குதிரை வலியை வாய்விட்டுச் சொல்லாது என்பது பாதி உண்மைதான். பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சூ டைசனும் சகாக்களும் 2018ல் வெளியிட்ட பட்டியலில், சவாரியின்போது கவனிக்க வேண்டிய 24 நடத்தைகள் இருக்கின்றன. காதைப் பின்னால் மடக்கியே வைத்திருப்பது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, வாலை விசிறிக்கொண்டே இருப்பது, தலையை ஆட்டுவது, அடிக்கடி இடறுவது என்று போகிறது பட்டியல். துள்ளுவதும் பின்னால் உதைப்பதும் அதில் ஒன்று. 24ல் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பு, தசைகளில் வலி இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

அதாவது, துள்ளல் முதல் புகாராக இருப்பது அரிது. வாலும் காதும் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை யாரும் கேட்காதபோது கடைசியில் பின்னங்கால் பேசுகிறது.

ஏறுகிறவரின் பங்கும் உண்டு. சேணத்தோடு சேர்த்து ஆளின் எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு அது 50 கிலோ. சுற்றுலாத் தலத்தில் அதன்மேல் ஏறும் பெரியவர் எத்தனை பேர் இந்தக் கணக்குக்குள் அடங்குவார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். குதிகாலால் 'போ' என்று குத்திக்கொண்டே கைகளால் 'நில்' என்று இழுப்பவரிடம் எந்தக் குதிரையும் குழம்பிப்போகும்.

வலி தீர்ந்த பிறகும் சில குதிரைகள் துள்ளுவதை விடுவதில்லை. துள்ளினால் முதுகுப் பாரம் இறங்குகிறது, லாயத்துக்குத் திரும்பலாம் என்று அவை கற்றுக்கொண்டிருக்கும். சேணம் வலிக்காது என்ற நம்பிக்கையை அவற்றுக்கு மறுபடி ஊட்ட வாரங்கள், மாதங்கள் ஆகலாம். கோபத்தில் குதிரையிடம் போகாதே என்று கிரேக்கர் செனஃபோன் எழுதி ஏறக்குறைய 2,400 ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பாடம் இன்னும் பழையதாகவில்லை.

சட்டமும் பேசாமல் இல்லை. நோயாலோ புண்ணாலோ தகுதியற்றுப்போன பிராணியை வேலை வாங்குவது 1960ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் பிராணிகளுக்கு முள் வைத்த கடிவாளம் போடுவதை 1965ம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. ஆனால் சேணத்தைத் தூக்கிப் பார்க்க ஒவ்வொரு ஏரிக்கரைக்கும் அதிகாரி வரமாட்டார். குதிரையை நம்பிப் பிழைப்பவருக்குச் சண்டிக் குதிரை என்பது நஷ்டம். காரணம் கண்டுபிடிக்கப்பட்ட குதிரையோ பல ஆண்டுக்கு வருமானம். இரக்கமும் கணக்கும் ஒரே பக்கம் நிற்கிற அபூர்வமான இடம் இது.

குண்டலுபேட்டை தாண்டி மலையேறப் போகிறவர்களும் ஒன்று செய்யலாம். ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று குதிரையின் காதையும் வாலையும் பார்க்கலாம். விரிப்பின் ஓரத்தைத் தூக்கச் சொல்லி முதுகைப் பார்க்கலாம். புண் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஏறிய பின் துள்ளினால் முன்னால் சாய்ந்துவிடாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, குதிரையின் தலையை உயர்த்தி ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும். தலையைத் தாழ்த்தாமல் அதனால் ஓங்கித் துள்ள முடியாது. நின்றதும் இறங்கிவிட வேண்டும். இறங்கியவுடன் கை போக வேண்டியது சாட்டைக்கு அல்ல, சேணத்தின் பட்டைக்கு.