நாடி தாளம் தப்புகிறதா? குளிர வைத்தும் சரிசெய்யலாம்!

"நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சு படபடன்னு அடிச்சுக்கிற மாதிரி இருக்கு, வைத்தியரே. உடம்புச் சூடுதானே?" காஞ்சிபுரத்தில் என்னிடம் வரும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் பலர் நோயையும் காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். சூடாக இருக்கலாம், வாயுவாகவும் இருக்கலாம். ஆனால் மூன்று விரலை வைத்துப் பார்க்கும்போது, ஓர் அடி பலமாக, அடுத்தது மெலிந்து, நடுவே ஒன்று விட்டுப்போய் என்று நாடி ஒழுங்கே இல்லாமல் ஓடினால் நான் சூரணம் மடிப்பதில்லை. "முதல்ல ஈ.சி.ஜி. எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன்.

இதற்கு 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று பெயர். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். படபடப்பு பெரிய ஆபத்தில்லை. உள்ளே தேங்கும் ரத்தம் உறைந்து, ஒரு கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். பயம் அங்கேதான். சிலருக்குப் படபடப்பே தெரியாது என்பது இன்னும் சங்கடம்.

இந்த நடுக்கத்தை யார் கிளப்பிவிடுகிறார்கள்? 1998-ல் பிரான்சின் போர்தோ நகர டாக்டர் ஹைசகேர் குழுவினர் கண்டு சொன்னார்கள்: பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாய்ப்பகுதிதான். அங்கிருந்து கிளம்பும் தப்பான மின்துடிப்பை வாசலிலேயே மறித்துவிட்டால் போதும்.

மறிப்பதற்குச் சூடு வைப்பது ஒரு வழி. குளிர வைப்பது இன்னொன்று. தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனைச் சிரையின் வாயில் விரிய வைத்து, நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவால் பூஜ்யத்துக்குக் கீழே 40, 50 டிகிரிவரை மூன்று, நாலு நிமிஷம் உறைய வைப்பார்கள். அமெரிக்காவில் இதற்கு 2010-ல் அனுமதி கிடைத்தது. 762 நோயாளிகளிடம் சூட்டையும் குளிரையும் ஒப்பிட்டு 2016-ல் வெளியான ஆய்வில், இரண்டும் ஏறக்குறைய சமம் என்றே தெரிந்தது. சென்னையிலும் இதைச் செய்கிறார்கள்.

"எனக்குச் சிரை அமைப்பு வேற மாதிரி இருக்காம், செய்ய முடியாதோ?" என்று ஸ்கேன் படத்தோடு சிலர் கலங்கி வருகிறார்கள். கலங்க வேண்டாம். பக்கத்துக்கு இரண்டாக நாலு சிரை என்பது பாடப்புத்தகக் கணக்கு. இடப்பக்கத்து இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பெரிய வாயாகத் திறப்பதுண்டு; வலப்பக்கம் நடுவில் கூடுதலாக ஒரு சிரை இருப்பதும் உண்டு. இது நோய் அல்ல, பிறவி அமைப்பு. பலூன்தான் அளவெடுத்துத் தைத்த சட்டை இல்லையே! வழக்கமான பெரிய பலூனின் குறுக்களவு 28 மில்லிமீட்டர். வாய் அதைவிட அகலமாக இருந்தால் இடுக்கில் ரத்தம் கசியும். அந்த ரத்தத்தின் வெதுவெதுப்பில் குளிர் சரியாகப் பிடிக்காது. அப்போது கிளைகளைத் தனித்தனியாக உறைய வைப்பார்கள், அல்லது மீதியைச் சூட்டால் முடிப்பார்கள். அதனால்தான் முன்கூட்டியே சி.டி. எடுத்துச் சிரைகளின் வரைபடம் பார்ப்பது நல்லது.

வலப்பக்கச் சிரைகளை ஒட்டியே உதரவிதானத்தை இயக்கும் நரம்பு ஓடுகிறது. குளிர் அதைத் தாக்கிவிட்டால் மூச்சு வாங்கும். ஆகவே அந்த நரம்பை விட்டுவிட்டுத் தூண்டி, நோயாளியின் வயிற்றில் கையை வைத்து, விக்கல்போல் வரும் உதைப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். உதைப்பு தளர்ந்தால் உடனே குளிரை நிறுத்திவிடுவார்கள். இத்தனை யந்திரங்களுக்கு நடுவே அங்கேயும் கைதான் காவல்! நாடி பார்த்தே பழகிய எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

எல்லாருக்கும் இது முதல் வழி ஆகாது. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்களுக்கு முதலில் வால்வைத்தான் கவனிக்க வேண்டும். சிலருக்கு நோய் திரும்பி வந்து இரண்டாம் தடவையும் செய்ய நேரும்.

"அதான் சரியாயிடுச்சே" என்று ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைந்தது இரண்டு, மூன்று மாதம் அது கட்டாயம். சர்க்கரை, ரத்த அழுத்தம், வயது இவற்றைப் பார்த்து அதற்கு மேலும் தொடரச் சொல்வார்கள். அந்த மாத்திரை வார்ஃபரின் என்றால், ஒருநாள் கட்டுக் கட்டாகக் கீரை, மறுவாரம் ஒன்றுமில்லை என்று இருக்கக் கூடாது. ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். பூண்டு லேகியமோ வேறு சூரணமோ, என்னைப் போன்றவர்கள் கொடுத்தது எதுவாக இருந்தாலும், பாட்டிலோடு எடுத்துப்போய் இதய டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.