இளவேனிற்கால வீட்டுத்தோட்டத் திட்டமிடல்

இளவேனிற்கால வீட்டுத்தோட்டத் திட்டமிடல் என்பது, கடுங்குளிர் நிலவும் மிதவெப்ப நாடுகளில், வரவிருக்கும் பயிர்ப் பருவத்திற்கான இடம், பாத்தி அமைப்பு, பயிர்கள், விதைப்பு நாள்கள் ஆகியவற்றைக் குளிர்காலத்திலேயே தீர்மானித்து வைத்தல் ஆகும். தமிழ் மரபில் சித்திரையும் வைகாசியும் இளவேனில் மாதங்கள். தமிழ்நாட்டுச் சமவெளிகளில் அவை கோடை மாதங்கள். ஆடிப்பட்டம் போன்ற விதைப்புப் பருவங்கள் அங்கு மழையை ஒட்டி அமைந்தவை. கனடா, பிரித்தானியா போன்ற நாடுகளில் விதைப்பைத் தீர்மானிப்பது மழையன்று, உறைபனியே ஆகும்.

இறுதி உறைபனி நாள்

நீலகிரியில் குளிர்கால இரவுகளில் புல்வெளிமீது வெண்மையாகப் படிவதே உறைபனி. தெளிந்த, காற்றற்ற இரவில் நிலம் விரைவாக வெப்பத்தை இழக்கும்போது இது உண்டாகிறது. தக்காளி, மிளகாய், கத்தரி போன்ற வெப்பப் பயிர்களின் திசுக்களில் உள்ள நீர் உறைந்து, உயிரணுக்கள் சிதைவதால் செடி மடிகிறது.

ஓர் ஊரில் இளவேனிலில் கடைசியாக உறைபனி ஏற்படும் நாளின் மதிப்பீடு இறுதி உறைபனி நாள் எனப்படும். இது பல ஆண்டு வானிலைப் பதிவுகளிலிருந்து பெறப்படும் நிகழ்தகவு மட்டுமே. 50% நிகழ்தகவு என்று தரப்பட்டிருப்பின், சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்நாளுக்குப் பின்னரும் உறைபனி வரும் என்பது பொருள். இரண்டு மாதம் வளர்த்த நாற்றுகளை ஓர் இரவு உறைபனி அழித்துவிடக்கூடும். மீண்டும் விதையிலிருந்து தொடங்கினால், செடி நன்கு காய்ப்பதற்குள் இலையுதிர்கால உறைபனி வந்துவிடலாம்.

குளிர்தாங்கு மண்டல வரைபடத்தை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறை 1960இல் வெளியிட்டு, 2023இல் திருத்திய வரைபடம், ஒவ்வோர் ஆண்டின் மிகக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரியைக் காட்டுகிறது. பல்லாண்டுத் தாவரங்கள் குளிர்காலத்தைத் தாங்குமா என்பதை அதிலிருந்து அறியலாம். காய்கறிகளின் விதைப்பு நாளை அறிய இயலாது.

பின்னோக்கிக் கணக்கிடல்

விதைப்பு அட்டவணை இறுதி உறைபனி நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்படுகிறது. அந்நாள் மே 10 எனக் கொண்டால், அட்டவணை ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்:

- மிளகாய், கத்தரி: 8 முதல் 10 வாரங்கள் முன்பு, அதாவது மார்ச் 1–15இல், வீட்டினுள் விதைத்தல்
- தக்காளி: 6 முதல் 8 வாரங்கள் முன்பு, மார்ச் 15–29இல், வீட்டினுள் விதைத்தல்
- பட்டாணி, பசளி முதலிய குளிர்தாங்கும் பயிர்கள்: 4 முதல் 6 வாரங்கள் முன்பு நேரடியாக நிலத்தில் விதைத்தல்
- பீன்ஸ்: மே 10க்குப் பின், மண் சூடேறியதும் விதைத்தல்
- தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகள்: மே 17க்குப் பின் நடுதல்

தெற்கு ஒன்ராறியோவில், மே 25க்கு முந்தைய திங்கட்கிழமையில் வரும் விக்டோரியா நாளை ஒட்டி நாற்று நடுவது நெடுநாள் வழக்கம்.

வீட்டினுள் வளர்ந்த நாற்றுகளை நேரடியாக வெயிலில் நட்டால் இலைகள் வெந்துவிடும். எனவே 7 முதல் 10 நாள்கள், முதலில் ஓரிரு மணி நேரமும் பின்னர் கூடுதலாகவும் வெளியில் வைத்துப் பழக்க வேண்டும். இது கடினப்படுத்துதல் எனப்படும்.

இடமும் பாத்திகளும்

காய்கறிகளுக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேர நேரடி வெயில் தேவை. மரங்கள் இலையற்று நிற்கும் மார்ச்சில் வெயில் படும் இடம் சூனில் நிழலாகிவிடலாம் என்பதைக் கருத்திற் கொள்ள வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே சரிவின் அடிப்பகுதியில் உறைபனி மிகுதி. தென்திசை நோக்கிய சுவரோரம் பகலில் வெப்பத்தைச் சேமித்து இரவில் வெளிவிடும்.

பாத்தியின் அகலம் 1.2 மீட்டருக்கு மிகாதிருந்தால், மண்ணை மிதிக்காமல் இருபுறமிருந்தும் நடுப்பகுதியை எட்டலாம். வட அரைக்கோளத்தில் பந்தலையும் உயரமான செடிகளையும் வடக்குப் பக்கத்தில் அமைத்தால் மற்றவற்றின்மீது நிழல் விழாது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மண்வழி நோய்களைக் குறைக்க அவற்றை ஆண்டுதோறும் ஒரே பாத்தியில் நடாமல் மாற்ற வேண்டும்.

மண்

பனி உருகிய ஈரமண்ணைக் கிளறினால் கட்டிகளாக இறுகிவிடும். ஒரு பிடி மண்ணை அழுத்தி விரலால் தட்டும்போது உதிர்ந்தால் நிலம் ஆயத்தம். பிசைந்த மாவுபோல் ஒட்டியிருந்தால் சில நாள்கள் பொறுக்க வேண்டும்.

புலம்பெயர் தமிழர் தோட்டங்கள்

ரொறன்ரோ, இலண்டன் முதலிய நகரங்களில் வாழும் தமிழர்கள் கத்தரி, வெண்டை, பாகல் முதலியவற்றை வீட்டுத்தோட்டங்களில் வளர்க்கின்றனர். இவை நீண்ட வெப்பப் பருவத்தை வேண்டுபவை என்பதால் திட்டமிடல் இங்கு மேலும் இன்றியமையாதது. கறிவேப்பிலை தொட்டியில் வளர்க்கப்பட்டு, இலையுதிர்கால உறைபனிக்கு முன் வீட்டினுள் எடுத்துவைக்கப்படுகிறது.

குறிப்பேடு

வானிலை நிலையம் உள்ள இடமும் தோட்டமும் ஒன்றல்ல. கடைசி உறைபனி, விதைத்த நாள், முதல் அறுவடை ஆகியவற்றை ஆண்டுதோறும் குறித்து வைத்தால், சில ஆண்டுகளில் ஊரின் பொதுவான நாளைவிடத் தன் தோட்டத்திற்குப் பொருத்தமான நாளைத் தோட்டக்காரர் கண்டறியலாம்.