பழிகரப்பும் ஒரு தொலைக்காட்சி எழுத்தாளரும்

பழிப்பதனை வெளிப்படக் கூறாது வேறொன்றனுள் மறைத்துக் கூறுதல் பழிகரப்பு அங்கதம். இதனைக் கற்பிக்கும்போது யான் றொட் சேர்லிங் என்னும் அமெரிக்கரை உதாரணங் காட்டுவதுண்டு. தொலைக்காட்சிக்கு எழுதியவருக்குத் தொல்காப்பியத்தில் என்ன வேலையென மாணவர் நகைப்பர்.

1924 இற் பிறந்த சேர்லிங், இரண்டாம் உலகப் போரிற் பிலிப்பைன்ஸ் தீவுகளில் வான்குடைப் படைவீரராய்ப் பொருதவர். 1955 சனவரியில் 'பற்றேர்ன்ஸ்' என்னும் அவரது நாடகம் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. மக்கள் விரும்பியமையால், நடிகர் அடுத்த மாதமே அதனை மீண்டும் நடிக்க வேண்டியதாயிற்று.

புகழ் வந்தது, சொல்லுரிமை வரவில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெற் ரில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுதலை பெற்றனர். அதனைக் கருவாகக் கொண்டு சேர்லிங் எழுதிய நாடகம் 1956 இல் ஒளிபரப்பானபோது, களம் வடபுலத்திற்கு மாறியிருந்தது; கொலையுண்டவன் யாரோ ஓர் அயல்நாட்டவன் ஆகியிருந்தான். தென்மாநிலங்களை நினைவூட்டுமென்று கொக்கா-கோலாப் போத்தலும் அகற்றப்பட்டதாக அவரே கூறியுள்ளார். பொருள் கொடுத்த விளம்பரதாரரே நாடகத்தின் பொருளையும் வகுத்தனர்.

யானும் ஒருமுறை பரிசளிப்பு விழா நாடகத்தில், ஊரார் எல்லாரும் ஒரே கிணற்றில் நீரள்ளும் காட்சியை நீக்குமாறு பணிக்கப்பட்டேன். நீக்கினேன். விழா இனிதே நிறைவேறிற்று. அவ்வினிமை இன்றும் உறுத்துகின்றது.

சேர்லிங் வேறு வழி கண்டார். 1959 ஒக்ரோபரில் 'ருவைலைற் சோன்' தொடர் தொடங்கிற்று. தயாரிப்பில் அவருடைய சொந்த நிறுவனமும் இருந்தது. 156 கதைகளுள் 92 அவர் எழுதியவை. மாயக் கதைதானே என்று விளம்பரதாரர் பெரும்பாலும் வாளாவிருந்தனர். 1960 இல் வந்த கதையொன்றில் ஒரு தெருவின் விளக்குகள் அணைகின்றன. வேற்றுலகத்தார் அயலவர் உருவில் நம்மிடையே வாழ்கின்றனரோ என்னும் ஐயம் ஒரு சிறுவன் சொல்லால் எழுகின்றது. இரவுக்குள் ஒருவர் சுடப்பட்டு மடிகின்றார். ஏனையோர் ஒருவர்மேல் ஒருவர் பாய்கின்றனர். வேற்றுலகத்தார் உண்மையாகவே வந்திருந்தனர். அவர்கள் செய்தது மின்சாரத்தை நிறுத்தியமை மட்டுமே. குன்றின்மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர்.

1968 இல் வெளியான 'பிளனற் ஒஃப் த ஏப்ஸ்' திரைப்படத்தின் திரைக்கதையில் மைக்கல் வில்சனோடு இவருக்கும் பங்குண்டு. மனிதரை வாலில்லாக் குரங்குகள் ஆளும் அக்கதையும் இவ்வினத்ததே. 1975 இல், 50 வயதில் மறைந்தார்.

அண்மையில் இவற்றையெல்லாம், என் கிணற்றுக் கதை உட்பட, வகுப்பிற் கூறினேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "பண்டிதரையா, அந்தக் கிணற்றை வேற்றுலகத்திலே தோண்டியிருக்கலாமே?" என்றான்.