கிரவுன் ஆயிலை எப்ப மாத்தறது?

எருவுக்குக் கணக்கு வைக்கிறோம், பஞ்சகவ்யாவுக்கு நாள் குறித்து வைக்கிறோம். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வண்டியின் கிரவுன் ஆயிலைக் கடைசியாக எப்ப மாத்தினீங்க என்று கேட்டால், நம்மில் பாதிப்பேர் டிரைவர் முகத்தைப் பார்ப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்து, எத்தனையோ வண்டிக் கடன் ஃபைலில் கையெழுத்துப் போட்டவன். ஆனால் வண்டிக்கு அடியில் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு தாராபுரம் பக்கம் எங்கள் பூர்வீக நிலத்தில் முருங்கை, தக்காளி, சின்ன வெங்காயம் என்று இறங்கினேன். பழைய பிக்கப் ஒன்று வாங்கினேன். அதற்கு முன்பு திருப்பூரில் துணி ரோல் சுமந்த வண்டி. ஏற்றக்கூடிய எடைக்கு மேல் எத்தனை வருஷம் சுமந்ததோ தெரியாது. வாங்கியதும் இன்ஜின் ஆயில் மாத்தினேன், டயர் மாத்தினேன். பின்பக்கம் பூசணிக்காய் மாதிரி தொங்கும் அந்த உருண்டையை யாரும் திறக்கவில்லை.

ஆறேழு மாதத்தில் வேகம் எடுத்தால் "ம்ம்ம்..." என்று ஒரு முனகல். டயர் சத்தம் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் விடியக்காலம் மூன்று மணிக்கு உழவர் சந்தைக்குக் கிளம்பி, அவினாசிபாளையம் தாண்டியதும் 'கடகட'வென்று சத்தம் வந்து வண்டி நின்றுவிட்டது. பழுத்த தக்காளி இருபது கிரேடு. இன்னொரு வண்டி பிடித்து ஏற்றி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. சந்தையில் அன்று பாதி விலைக்குத்தான் போனது.

பட்டறையில் தம்பி கிரவுனைத் திறந்து காட்டினார். கால் லிட்டர்கூட ஆயில் இல்லை. இருந்ததும் கருப்புக் குழம்பு, உள்ளே இரும்புத் தூள். "ஏனுங்க சார், இதை எப்ப மாத்துனீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கிரவுன், பினியன், பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய்.

இது என்ன வேலை செய்கிறது?

இன்ஜினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்காகத் திருப்பி இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது இந்தப் பெட்டிதான். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓடவேண்டும். அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதால்தான் டிஃபரன்ஷியல் என்று பெயர். இதில் பல்லோடு பல் உருள்வது மட்டுமல்ல, அழுத்தத்தோடு சறுக்கவும் செய்கிறது. சாதாரண ஆயில் அந்த இடத்தில் நிற்காது, பிதுங்கி வெளியே போய்விடும். அதனால்தான் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த ஜி.எல்.5 வகை ஆயில் கேட்கிறார்கள். அதே ஆயிலைக் கியர்பாக்ஸில் ஊற்றக்கூடாது. அங்கே பித்தளை வளையங்கள் இருந்தால் சில வகை ஆயில் அவற்றை அரித்துவிடும். பெரும்பாலான கியர்பாக்ஸுக்கு ஜி.எல்.4 போதும். வண்டியோடு வந்த கையேட்டில் இரண்டுக்கும் தனித்தனியே போட்டிருப்பார்கள்.

இங்கே நெருப்பு எரிவதில்லை. அதனால் இன்ஜின் ஆயில் மாதிரி சீக்கிரம் கெடாது. குறைந்தால் சொல்ல டேஷ்போர்டில் விளக்கும் கிடையாது. நாம் மறந்துபோக இந்த இரண்டும்தான் காரணம்.

எப்போது மாற்றுவது?

புது வண்டி, அல்லது புது கிரவுன் போட்ட வண்டி: பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது தூள் விழும். முதல் மாற்றம் சீக்கிரமே வேண்டும்.

தார் ரோட்டில் அளவான பாரம்: கையேட்டில் உள்ள கணக்குப்படி.

நம்ம மாதிரி எரு மூட்டை, காட்டுப் பாதை, அடிக்கடி முழுப் பாரம்: கையேட்டில் உள்ளதில் பாதி. நான் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். வாரம் இரண்டு தடவை சந்தைக்குப் போய்வர எனக்கு அது சுமார் இரண்டு வருஷம்.

பழைய வண்டி வாங்கினால்: வாங்கிய வாரமே.

தண்ணீரில் இறங்கினால்: கிலோமீட்டர் பார்க்க வேண்டாம், உடனே திறந்து பாருங்கள். ஓடிச் சூடான பெட்டி வாய்க்கால் தண்ணீரில் முங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் அன்றே மாத்திவிடுங்கள்.

மாற்றும்போது

கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேறிய பிறகு, சமதளத்தில் நிறுத்துங்கள். முதலில் மேலே ஊற்றும் போல்ட்டைக் கழற்றுங்கள். அது துருவேறித் திறக்காமல் போனால், கீழே வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டிவரும். அடி போல்ட்டில் காந்தம் இருந்தால் பாருங்கள். மை மாதிரிப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை, துண்டு இரும்பு இருந்தால் பல் போகிறது. புது ஆயில் ஊற்றும் துளையின் விளிம்புவரை வந்தால் போதும். மூச்சுக்குழாயில் மண் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி ஆயில் சீலைத் தள்ளும். அந்த ஆயில் பின்சக்கர பிரேக்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. அதையும் ஒருமுறை துடைத்து விடுங்கள்.

என் வண்டிக்கு ஆயில், கூலி சேர்த்து 1,100 ரூபாய். கிலோமீட்டருக்கு ஐந்தரைப் பைசா. கட்டிய 27,000-க்கு இருபத்துநான்கு தடவை, அதாவது நாற்பத்தெட்டு வருஷத்துக்கு ஆயில் மாற்றியிருக்கலாம். அவ்வளவு காலம் வண்டியும் இருக்காது, நானும் இருக்கமாட்டேன்!

வடித்த ஆயில்?

முக்கியமான விஷயம் இதுதான். முன்பெல்லாம் நானே பழைய ஆயிலைக் கரையானுக்கு என்று வேலிக் கம்பத்தில் பூசி, மிச்சத்தை வேலி ஓரம் ஊற்றியிருக்கிறேன். அங்கிருந்து கிணறு முப்பதடி. நொய்யலில் சாயத்தண்ணி விட்டவர்களை நாம் எவ்வளவு திட்டினோம்! ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டியது, சாயக்கழிவின் தேக்கமாக நின்றதைப் பார்த்தோம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் பலருக்கும் உறைத்தது. அளவு சின்னது என்பதற்காக நாம் ஊற்றுவது மட்டும் தீர்த்தமாகிவிடாது. மண்புழு வேண்டும் என்கிற நாமே அதன் மேல் ஆயிலை ஊற்றலாமா?

பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் போகவேண்டும். பட்டறையிலேயே மாற்றி, அவர்கள் பீப்பாயில் ஊற்றச் சொல்லுங்கள். அந்தப் பீப்பாய் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். வீட்டில் மாற்றினால் மூடியுள்ள கேனில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். கம்பத்துக்கு நம் பெரியவர்கள் செய்த மாதிரி அடிப்பாகத்தைத் தீயில் கருக்கி நட்டுப் பார்க்கலாம்.

இப்போது என் விதைப்புக் குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் இருக்கிறது. நீங்களும் இன்றே ஒரு வரி எழுதிவையுங்கள். எப்ப மாத்தினோம் என்று நினைவு வரவில்லையென்றால், நாளைக்கே பட்டறைக்குப் போய்விடுங்கள்.