இறைவன் அணிவித்த ஆடைகள்



வான்கோழியைக் கண்டால் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். இறகில்லாத தலை, சுருங்கிய கழுத்து, சொண்டின் மேல் தொங்கும் சதை, சேவலின் நெஞ்சிலே ஒரு தாடி! "அல்லாஹ் ஏன் இதை இப்படிப் படைத்தான்?" என்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்?

வான்கோழியின் தாயகம் வட அமெரிக்கா. அதன் உடலை மூடியிருக்கும் ஆயிரக்கணக்கான இறகுகள் குளிரையும் மழையையும் தடுக்கின்றன. வெயில் காலத்தில் அந்தச் சூடு வெளியேற வழி வேண்டாமா? வெறுமையான தலையும் கழுத்துமே அதற்கான யன்னல்கள். அந்தத் தோல் சிவப்பு, நீலம், வெள்ளை என நிறம் மாறவும் செய்யும். தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து சுருங்கும்போது, 'கொலாஜன்' நார்களின் இடைவெளி மாறுவதே இதற்குக் காரணம். இதைப் பார்த்தே 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரசாயன ஆவிகளைக் கண்டறியும் கருவியொன்றை அமைத்தார்கள். பிள்ளைகள் சிரித்த தலை, அறிஞர்களுக்குப் பாடமாயிற்று!

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம்

ஒட்டகத்தின் உரோமத்தைக் கத்தரித்தால் அதற்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். 1950களில் சஹாராவில் செய்த ஆய்வு இதற்கு மாறாக இருந்தது. கத்தரிக்கப்பட்ட ஒட்டகம் மற்றதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீரை இழந்தது. அந்தக் கம்பளி வெயிலைத் தடுக்கும் குடையாகும்.

நமது நாட்டுக் காடுகளில் வாழும் அழுங்கின் செதில்கள், நமது நகத்திலுள்ள 'கெரட்டின்' என்ற பொருளால் ஆனவை. ஆபத்து வந்தால் அது பந்துபோல் சுருண்டு கொள்ளும். பனிக்கரடியோ வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் அதன் உரோமத்தின் கீழுள்ள தோல் கறுப்பு!

கால்நடைகளின் கம்பளியையும் உரோமத்தையும் முடியையும் தனது அருட்கொடையாக அல்லாஹ் 'அந்நஹ்ல்' அத்தியாயத்தின் 80ஆம் வசனத்தில் நினைவூட்டுகின்றான்.

நமது தோல்

அவ்வாறாயின் மனிதனின் தோல்? அதிலுள்ள 'மெலனின்' என்ற நிறப்பொருள் சூரியனின் கடுங்கதிரிலிருந்து நம்மைக் காக்கிறது. கறுத்த தோலில் அந்தக் காவல் அதிகம். நமது நிறங்கள் வேறுபட்டிருப்பது இறைவனின் அத்தாட்சி என்று 'அர்ரூம்' அத்தியாயம் (30:22) கூறுகிறது.

ஆனால் நமது வீடுகளில் நடப்பதென்ன? பிள்ளை பிறந்ததும் நிறத்தைப் பார்க்கிறோம். "கறுப்பி" என்று செல்லமாகவே அழைக்கிறோம். பெண் பார்க்கப் போனால் முதற்பேச்சே நிறந்தான். பெண்கள் பெண்களைப் பரிகசிக்க வேண்டாம் என்று 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் (49:11) தனியாகவே எடுத்துக் கூறியிருப்பதை மறந்துவிடுகிறோம். அந்தச் சொல் தைத்த பிள்ளை, வளர்ந்ததும் வெளுக்கச் செய்யும் கிறீமைத் தேடுகிறாள். அவற்றுள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய கிறீம்களுக்குத் தடை விதித்ததும் இதனாலேயே.

தாய்மார்களே! வான்கோழியைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைக்கு அந்தத் தலையின் பயனைச் சொல்லிக் கொடுங்கள். படைப்பைப் பரிகசிக்காத பிள்ளை, நாளை தன் தங்கையையும் மனைவியையும் பரிகசிக்க மாட்டான்.

படைத்தவன் தந்ததைப் பொருந்திக்கொள்ளும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.