தக்காளி இதயத்துக்கு நல்லதுதான்... ஆனால் ஜூஸா, தொக்கா?

‘தினமும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தக்காளி ஜூஸ் குடித்தால் பி.பி. மாத்திரையே தேவையில்லை!’ உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் இப்படி ஒரு செய்தி வந்திருக்கும். இதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள்.

அந்த உண்மை என்ன? தக்காளிக்குச் சிவப்பைக் கொடுப்பது லைகோபீன் என்ற நிறமி. இது நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட். அடிபட்ட இடம் சிவந்து வீங்குகிறது இல்லையா, அதைத்தான் அழற்சி என்கிறோம். ரத்தக் குழாயின் உட்சுவரிலும் இதுபோன்ற அழற்சி சத்தமில்லாமல் நடக்கும். அங்கேதான் கொழுப்பு படிந்து அடைப்பு உருவாகிறது. அதைத் தணிக்க லைகோபீன் உதவலாம் என்பது ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. தக்காளியில் உள்ள பொட்டாசியம், உப்பிலுள்ள சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது.

பின்லாந்தின் குவோபியோ பகுதியில் 46 முதல் 65 வயதுள்ள 1,031 ஆண்களைச் சுமார் 12 ஆண்டுகள் கவனித்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் லைகோபீன் மிகக் குறைவாக இருந்த 258 பேரில் 25 பேருக்குப் பக்கவாதம் வந்தது. அதிகமாக இருந்த 259 பேரில் 11 பேருக்குத்தான் வந்தது. பெரிய வித்தியாசம்தான். ஆனால், தக்காளி நிறைய சாப்பிடுகிறவர் மற்ற காய்கறிகளையும் நிறைய சாப்பிடுபவராக இருக்கலாமே! எனவே, காப்பாற்றியது லைகோபீன்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையிலும் அப்படித்தான். சில ஆய்வுகளில் அளவு குறைந்தது, சிலவற்றில் மாற்றமே இல்லை.

இதை நம்பி மாத்திரையை நிறுத்தினால், ரத்த அழுத்தம் வெளியே தெரியாமல் ஏறி, தவிர்க்க நினைத்த பக்கவாதமே வந்துவிடும். தக்காளி சாப்பாட்டில் இருக்கட்டும், மாத்திரை டப்பாவில் கை வைக்க வேண்டாம்.

சரி, எப்படிச் சாப்பிடுவது? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தக்காளியை 88 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கிப் பார்த்தார்கள். வைட்டமின் சி 29 சதவிகிதம் குறைந்தது. ஆனால், வெளிப்பட்ட லைகோபீன் இரண்டரை மடங்கைத் தாண்டியது. லைகோபீன் கொழுப்பில் கரையும் பொருள் என்பதால், எண்ணெய் சேர்ந்தால்தான் உடல் நன்றாக உறிஞ்சும். ஆக, வெறும் வயிற்று ஜூஸைவிட, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயில் வதக்கிய தக்காளிக் கடையலே மேல். ரசத்துக்குக் கரைத்துவிட்டுத் தோலைத் தூக்கி எறிகிறோமே... லைகோபீன் அதிகம் இருப்பதே அதில்தான். மிக்ஸியில் அரைத்துச் சேர்த்துவிடுங்கள்.

தொக்கில்தான் சிக்கல். மாதக்கணக்கில் கெடாமலிருக்க உப்பையும் எண்ணெயையும் தாராளமாகச் சேர்க்கிறோம். பி.பி. உள்ளவருக்கு அந்த உப்பே எதிரி. இரண்டு மூன்று நாள்களுக்கு மட்டும், உப்பு குறைத்துச் செய்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிள்ளைகள் கேட்கும் கெச்சப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு டேபிள்ஸ்பூனில் கிட்டத்தட்ட 4 கிராம் சர்க்கரை இருக்கிறது, உப்பு தனி.

சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கிவிடும். பி.பி. மாத்திரைகளில் சிலவும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. இவர்கள் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்வது அவசியம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இரவில் குறைத்துக்கொள்ளலாம். தக்காளியால் மூட்டு வலி வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

தக்காளி விலை நூறைத் தொடும் நாள்களில் கவலை வேண்டாம். தர்பூசணி, பப்பாளியிலும் லைகோபீன் உண்டு. உள்ளே சிவந்திருக்கும் கொய்யாவில் பச்சைத் தக்காளியில், அதாவது சமைக்காத தக்காளியில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது.